கூடுதலாய் ஒரு மணி நேரம்

அத்தியாயம் 11

தண்ணீர் ஏறப் போகிறது என்று காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணெதிரே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் இரண்டு பேருமே நம்பவில்லை. வீப்ரன் படகின் விளிம்பில் சாய்ந்து, வழி காட்டுவதற்காக மணலில் நட்டிருந்த கிளைக் குச்சியைப் பார்த்தார். கால் மணி கழித்து மறுபடி பார்த்தார். குச்சியின் ஈரம் மேலே இருந்தது. தண்ணீர் அதற்கு ஒரு சாண் கீழே கிடந்தது.

"ஹிஸ்கா, எனக்கு மட்டுந்தான் அப்படித் தெரியுதா?"

"இல்ல. எனக்கும் அப்படித்தான் தெரியுது."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் மிச்சக் காபியைக் குடித்து முடித்தார்கள். இந்தக் கடலோரத்து ஃபிரீஸ்லாந்துக்காரர்கள் வீடு பற்றி எரிந்தாலும் காபியை வீணாக்க மாட்டார்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹிஸ்காவும் வீப்ரனும் ஹார்லிங்கன் ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஏப்ரலில் 'லியிப்' என்ற தட்டையடிப் பாய்மரப் படகுக்கே குடிவந்தவர்கள். அவளுக்கு அறுபத்திரண்டு, அவருக்கு அறுபத்தேழு. டிசம்பரில் வீப்ரனுக்கு மூளையில் சின்னதாய் ஓர் அடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சும் நிதானமாகத்தான் வருகிறது. மகள் மாரிட் இந்தப் படகு வாழ்க்கைக்கு ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். ஒரு தடவை மீட்புப் படகைக் கூப்பிட்டாலும் சரி, அத்தோடு கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டோக்கும் ஊரில் அவள் பார்த்து வைத்திருக்கும் தரைத்தள வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வீப்ரன் கை கொடுத்து ஒப்புக்கொண்டார்.

அந்த வீட்டை ஒதுக்குகிறவர்கள், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு நாளை பகல் பன்னிரண்டு மணிக்கு மாரிட்டுக்குப் போன் செய்வார்கள். அப்போது சரி சொல்லாவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும். அதற்கு முன் நேரில் பேசித் தீர்த்துவிடலாம் என்று மாரிட் இன்று அமெலாண்ட் தீவுக்கு வருகிறாள். தீவின் துறைமுகத்தில் பதினொரு மணிக்கு அவளைச் சந்திப்பதாக ஏற்பாடு.

துறைமுகம் அந்தப் பக்கம். லியிப் இந்தப் பக்கம், தீவுக்குப் பின்னால் இருக்கும் மணல் மேட்டின் மேல், சொந்த நிலம் வாங்கியதுபோல நின்றுகொண்டிருந்தது.

அந்த மேட்டைத் தாண்டுகிறவர்கள் உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தாண்டுவார்கள். அப்போது அடி தட்டினாலும் கவலையில்லை. ஏறுகிற தண்ணீர் தானாகத் தூக்கிவிடும். உச்சத்தில் போய்த் தட்டினால் தூக்க ஆளில்லை. அதிலும் அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கி வரும் பெருவெள்ளம் கழிந்த மூன்றாம் நாள் தட்டினால், அடுத்து வருகிற ஒவ்வொரு ஏற்றமும் முந்தினதைவிடக் குறைச்சல்தான். நாற்பது வருஷமாக இந்தக் கடலில் ஓடுகிற வீப்ரனுக்கு இது தெரியாதா என்ன? அப்படியிருந்தும் தட்டிவிட்டது.

ஹிஸ்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அடுப்புக்கு மேலே, தண்ணீர் உச்சம் தொடும் நேரங்களை அவள் கையால் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை ஒட்டியிருந்தது. இன்றைய தேதிக்கு நேராக 8.10.

அதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அவர்களிடம் இருந்த ஓதப் புத்தகம், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் அட்டவணை, குளிர்கால நேரக் கணக்கில் அச்சடித்தது. கோடையில் அந்த ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள். ஆகவே புத்தகத்தில் ஏழு பத்து என்றிருந்தால் ஒன்றைக் கூட்டி எட்டு பத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டுவது வீப்ரனின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனசுக்குள்ளேயே கூட்டிக்கொள்வார். ஹிஸ்கா மணி கேட்டதே இல்லை. அவர் 'கிளம்பு' என்றால் கிளம்புவாள்.

புத்தகத்து எழுத்து பொடி எழுத்து என்பதால், ஏப்ரலில் இருந்து மாதா மாதம் அவள் பெரிதாக எடுத்து எழுதி ஒட்டினாள். ஏப்ரலும் மேயும் உள்ளது உள்ளபடி. போன வாரம் ஒரு நாள் காலையில், வீப்ரன் அந்த அட்டைக்கு முன்னால் நின்று வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றைக் கூட்டுவதற்கு விரல் விட்டு எண்ணுகிறாரே என்று நினைத்தாள். மனுஷன் கஷ்டப்பட வேண்டாம் என்று ஜூன் மாத அட்டையில் அவளே எல்லா நாளுக்கும் ஒரு மணி கூட்டி எழுதிவிட்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். எப்படிச் சொல்வது? 'உனக்குக் கூட்ட வரல' என்றா? நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

இன்று காலை அவர் வழக்கம்போல அட்டையைப் பார்த்தார், வழக்கம்போல ஒன்றைக் கூட்டினார். ஒன்பது பத்து. அதற்கு ஒரு மணி முன்னதாக என்று எட்டு பத்துக்கு மேட்டுக்கு வந்தார், உண்மையான உச்சமே அதுதான்.

அவர் மெதுவாகக் கூட்டினார். ஆனால் சரியாகத்தான் கூட்டினார். தப்பு நடந்தது இவள் கையால்.

மேலே ஏறிப் போய் உடனே சொல்லிவிட வேண்டும் என்று படியில் கால் வைத்தாள். வீப்ரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தலைதான் போயிடுச்சு, ஹிஸ்கா," என்றார். "கை போச்சு, சமாளிச்சேன். தலை போனா என்ன பண்றது?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மாரிட்டின் போன் வந்தது.

மாரிட் காத்துக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. கரையணை மேலே ஏறி நின்று பார்த்தாளாம், தூரத்தில் பாய்மரம் தெரிந்ததாம். தண்ணீர் முழுக்க வற்றியதும் தீவுக் கடையில் மலிவாக ஒரு கேன்வாஸ் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு, சேற்றிலும் மணலிலும் முக்கால் மணி நடந்து வந்து சேர்ந்தாள். முழங்கால் வரை கறுப்பு. படகைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"வாசல்ல கொஞ்சம் புல்வெளி இருக்கற வீடா பாருங்கன்னுதானே சொன்னேன்? நீங்க மைதானத்தையே பிடிச்சிட்டீங்க."

"காத்தோட்டமா இருக்கு," என்றாள் ஹிஸ்கா.

"கூப்பிட்டாச்சா?"

யாரை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "இல்ல," என்றாள் ஹிஸ்கா.

"கூப்பிடப் போறீங்களா?"

"சாயங்காலம் எட்டரைக்கு மறுபடி ஏறும். அதுல மிதக்க வச்சுப் பார்க்கலாம்."

"மிதக்கலேன்னா?"

இதற்கு வீப்ரன்தான் பதில் சொன்னார். "காலைல இருந்ததைவிட ஒரு சாண் கம்மியா வருமாம், ரேடியோல சொன்னான். கிழக்குக் காத்து தண்ணிய வெளிய தள்ளிட்டிருக்கு. இன்னிக்கு விட்டா அடுத்த பெருவெள்ளம் வரைக்கும், பதினஞ்சு நாள் இங்கேயே குடித்தனம். இல்லேன்னா கூப்பிடணும்."

"எப்படிப்பா தட்டுச்சு?"

"நேரத்தத் தப்பாப் போட்டுட்டேன்."

மாரிட் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், நான் சொன்னேனா இல்லையா என்பது எழுத்து எழுத்தாக இருந்தது. ஹிஸ்கா கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டாள். உண்மையைச் சொல்லும் நேரம் இரண்டாவது தடவையும் நழுவிப் போனது.

வேலை நிறைய இருந்தது, அது ஒரு விதத்தில் நல்லதாய்ப் போயிற்று. படகின் பாரத்தைக் குறைக்க வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். முன்னூறு லிட்டர் மணலில் ஓடியது. டப்பா உணவு, கருவிப் பெட்டி, புத்தகங்கள், உதிரிச் சங்கிலி எல்லாவற்றையும் சின்னத் தோணியில் மாற்றினார்கள். பிறகு மண்வெட்டி. படகின் பின்பக்கத்திலிருந்து ஆழமான வாய்க்கால் பக்கமாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும்.

டப்பாக்களைச் சுமந்து போகும்போது மாரிட் மெல்லிய குரலில் சொன்னாள். "டிசம்பர்ல சமையலறைத் தரையில அப்பா கிடந்ததப் பார்த்தது நான்தாம்மா. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. இங்க நடுக்கடல்ல கிடந்தா யாரு பார்ப்பா?"

"நான் பார்ப்பேன்."

"நீங்க அவர் தப்புப் பண்றதையே பார்க்கலியே."

ஹிஸ்காவுக்குச் சுருக்கென்றது. மகள்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது.

மத்தியானம் சர்க்கரை ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றார்கள். மறுபடி வெட்டினார்கள். ஈர மணலை எவ்வளவு வாரினாலும் பாதி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. வீப்ரன் இடது கையால் மண்வெட்டியைப் பிடித்து, வலது கையைச் சும்மா துணைக்கு வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து மகளிடம் கேட்டார்.

"அந்த டோக்கும் வீட்டுல எத்தனை ஜன்னல்?"

மாரிட் தயங்கினாள். "மூணுப்பா. ஒண்ணு கால்வாயப் பார்த்து இருக்கு."

"கால்வாய்ல தண்ணி ஏறி இறங்குமா?"

"இல்லப்பா. எப்பவும் ஒரே மட்டம்."

"அதுதான் நல்லது. தப்பு நடக்காது," என்றார் வீப்ரன். "நாளைக்கு அவங்க போன் பண்ணினா சரின்னு சொல்லிடு. மீட்புப் படகு வந்தாலும் வராட்டாலும்."

ஏப்ரல் வரைக்கும் மகளோடு மல்லுக்கட்டின மனுஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே படகுப் பாய்த் துணிக்கு அளவு சொன்ன மனுஷன். எந்தக் குழந்தையும் அடம்பிடிக்காமல் பொம்மையைக் கொடுத்துவிட்டால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஹிஸ்காவால் தாங்க முடியவில்லை. மண்வெட்டியை மணலில் குத்தி நிறுத்தினாள்.

"நீ தப்பாப் போடல, வீப்ரன். நான்தான் போட்டேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"ஜூன் அட்டைல நான் ஏற்கெனவே ஒரு மணி கூட்டித்தான் எழுதினேன். உன்கிட்ட சொல்லல. அதுக்கு மேல நீ ஒண்ணு கூட்டிட்ட. உன் கணக்கு சரி. உன் தலைக்கு ஒண்ணும் ஆகல."

வீப்ரன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஏன் கூட்டின?"

"போன வாரம் நீ விரல் விட்டு எண்ணிட்டிருந்ததப் பார்த்தேன். ஒண்ணே ஒண்ணக் கூட்டறதுக்கு. பார்க்கச் சகிக்கல."

"அது பயிற்சி," என்றார் வீப்ரன்.

"என்ன பயிற்சி?"

"ஆஸ்பத்திரில அந்தப் பயிற்சிக்காரப் பொண்ணு சொல்லிக் குடுத்தா. எண்ணிக்கை எது வந்தாலும் சத்தமா எண்ணு, எண்ணும்போது வலது கை விரல மடக்கு. விரலுக்கும் ஆச்சு, வாய்க்கும் ஆச்சு. ரொட்டி வெட்டும்போதுகூட எண்ணறேனே, நீ பார்த்ததில்லியா?"

முதலில் சிரித்தது மாரிட். சிரிக்கக் கூடாது என்று வாயைச் சேற்றுக் கையால் பொத்தி, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு சிரித்தாள். "ஆளுக்கொரு தடவை உப்புப் போட்ட சூப் மாதிரி ஆக்கிட்டீங்களே. ரெண்டு பேரும் ஒரே படகுல, கையெட்டற தூரத்துல படுக்கறீங்க. பேசிக்கவே மாட்டீங்களா?"

வீப்ரன் சிரிக்கவில்லை.

"கேட்டிருக்கலாமே, ஹிஸ்கா," என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட அவளுக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

அவர் போய் நங்கூரத்தை இடது தோளில் ஏற்றிக்கொண்டார். பின்பக்கமாக அறுபது தப்படி தள்ளி அதைப் புதைத்து வைத்தால்தான், தண்ணீர் வந்ததும் கயிற்றை வின்ச் என்ற கைச் சுழற்றியில் சுற்றிப் படகைப் பின்னுக்கு இழுக்க முடியும். ஹிஸ்கா உதவிக்கு ஓடினாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மாரிட் கயிற்றின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தாள். தூரத்தில் அவர்கள் இரண்டு பேரும் மண்டியிட்டு மணலைத் தோண்டுவது தெரிந்தது. ஏதோ பேசிக்கொள்வதும் தெரிந்தது. என்ன பேச்சு என்று காதில் விழவில்லை.

ஐந்து மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கியது. ஆறரைக்குப் படகின் அடியைத் தொட்டது. ஏழு மணிக்குக் காற்று செத்துப் போயிற்று. காலையிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த கிழக்குக் காற்று நின்றதில் ஹிஸ்காவுக்கு உயிர் வந்தது. ஆனால் அதைச் சொல்ல யாரும் இல்லை. வீப்ரன் மகளோடு மட்டும்தான் பேசினார். அதுவும் 'அந்தக் கயிறு', 'இந்தக் கொக்கி' என்கிற அளவில்.

எட்டு மணி. ஜூன் மாதம் அல்லவா, சூரியன் இன்னும் நல்ல உயரத்தில் இருந்தது. தண்ணீர் பரந்து கிடந்தது. படகு மட்டும் அசையவில்லை.

எட்டே காலுக்கு வின்ச் கயிறு இறுகி, சொட்டச் சொட்ட நின்றது. வீப்ரன் இடது கையால் கைப்பிடியைச் சுற்றினார். வின்ச் சக்கரத்தில் ஒரு பல் நகர்ந்தது. அப்புறம் நகரவில்லை. ஹிஸ்காவும் மாரிட்டும் இடமும் வலமுமாக ஓடிப் படகை ஆட்டிப் பார்த்தார்கள்.

அப்போது மேற்கிலிருந்து வாய்க்கால் வழியாக ஒரு படகு வந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது. மீட்புப் படகு. இவர்கள் யாரும் கூப்பிடவில்லை. பயிற்சி ஓட்டத்துக்கு வந்தவர்கள், மேட்டில் ஒரு பாய்மரத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

படி வாசலில் ரேடியோ கரகரத்தது. "லியிப், லியிப். மேட்டுல நிக்கறீங்க போல. இழுத்து விடணுமா?"

ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது மாரிட்.

வீப்ரன் வின்ச்சை விட்டுக் கையை எடுக்கவில்லை. மகளைப் பார்த்தார். கை கொடுத்துச் சத்தியம் செய்தவர் அவர். இப்போது 'வேண்டாம்' என்று சொல்லச் சொல்லிக் கேட்பது ஆகாது என்று அவருக்குத் தெரியும். மாரிட் ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும், படகு வாழ்க்கை முடிந்தது. நாளை பன்னிரண்டு மணிவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மாரிட் பேசியை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் சொல்லாமல் விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

"லியிப் பேசறேன். இழுக்க வேண்டாம். உச்சத்துக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. நாங்க மூணு பேர் இருக்கோம், தண்ணிக்காகக் காத்திட்டிருக்கோம்."

"சரி. பத்தரை வரைக்கும் நாங்க இந்தப் பக்கந்தான். உங்க கணக்குல உச்சம் எட்டரைதானே?"

"எட்டு முப்பத்தஞ்சு. இந்தத் தடவை நல்லாவே சரிபார்த்தாச்சு," என்றாள் மாரிட்.

மீட்புப் படகு கையசைத்துவிட்டுப் போயிற்று. அது கிளப்பிய அலை சாவகாசமாக மேட்டின் மேல் ஏறி வந்தது. லியிப்பின் பின்பக்கம் ஒரு தடவை தூக்கிக்கொண்டு மணலில் தட்டென்று உட்கார்ந்தது.

"சுத்துங்கப்பா," என்றாள் மாரிட்.

வீப்ரன் சுற்றினார். வலது கையும் தானாக வந்து கைப்பிடியில் சேர்ந்துகொண்டது. அடுத்த அலையில் இரண்டு பல். அதற்கடுத்ததில் படகின் அடி கரகரவென்று இழுபட்டு, பள்ளத்துக்குள் வழுக்கி, சத்தமே இல்லாமல் மிதந்தது. மணி எட்டு முப்பத்திரண்டு.

யாரும் கைதட்டவில்லை. மாரிட் பலகையில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஹிஸ்கா சுக்கானைப் பிடித்து வாய்க்காலுக்குள் திருப்பினாள், கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

ஆழமான இடம் பார்த்து நங்கூரம் போட்டு, தோணியில் இருந்ததையெல்லாம் ஏற்றி முடித்தபோது மேற்கு சிவந்திருந்தது. தீவிலிருந்து கரைக்குப் போகும் கடைசிப் படகும் போயிருந்தது. மாரிட்டின் கணவன் மென்னோ இரண்டு தடவை போன் செய்துவிட்டான், அவள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று ஹிஸ்கா கேட்க நினைத்தாள். இன்றைக்கு ஒரு நாளில் எத்தனையைத்தான் கேட்பது என்று விட்டுவிட்டாள்.

வீப்ரன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நாலு மணியிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பொத்தான் துளைக்குள் போகாமல் அடம்பிடித்தது. ஹிஸ்காவின் கை முன்னால் போயிற்று. பாதி வழியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"வீப்ரன்."

அவர் நிமிர்ந்தார்.

"நாளைக்குக் காலைல தண்ணி எத்தனை மணிக்கு?"

முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி. வீப்ரன் ஓதப் புத்தகத்தை எடுத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, வரியைத் தேடினார். உதடு அசைந்தது. நேரம் ஆயிற்று. ஹிஸ்கா நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகப் பொறுமையாக இருந்தாள்.

"எட்டு ஐம்பத்தஞ்சு," என்றார். பிறகு, "உனக்கு எவ்வளவு வருது?"

"எனக்கும் அதேதான்."

"அப்ப ஏழு மணிக்குக் கிளம்பணும். அடுத்த தீவுக்கு மேட்டு வழி வேண்டாம், வெளிப்பக்கமாப் போவோம். ரெண்டு மணிக்குப் போய்ச் சேரலாம்." பொத்தான் துளைக்குள் போயிருந்தது. "ஆறரைக்கு என்னை எழுப்பு."

"சரி."

மாரிட் முன்பக்கப் படுக்கையில் ஏற்கெனவே காலை நீட்டியிருந்தாள். வெளிப்பக்கம் என்றால் திறந்த கடல், காலையிலிருந்து மத்தியானம் வரை போனுக்குச் சிக்னல் வராது என்று அவளுக்கும் தெரியும். பன்னிரண்டு மணிக்கு டோக்குமிலிருந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"அம்மா," என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆறரைக்கு என்னையும் எழுப்புங்க."